உயிலில் எழுதுவது கடைசித் தவணையாக இருக்கட்டும்

"எனக்கு அப்புறம் எல்லாம் நல்ல காரியத்துக்குப் போகட்டும்னு எழுதி வெச்சுட்டேன்." வயதானவர்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பாடுபட்டுச் சேர்த்ததை முகம் தெரியாத பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் விட்டுப்போக நினைப்பதற்குப் பெரிய மனசு வேண்டும். ஆனாலும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் விடாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அந்த நல்ல காரியத்தைச் செய்கிறவர்களுக்கு உங்களைத் தெரியுமா? ஒரு தடவையாவது அங்கே போயிருக்கிறீர்களா? சின்னத் தொகையாவது கொடுத்து, அது என்ன ஆயிற்று என்று பார்த்திருக்கிறீர்களா?

பாதிப் பேரிடம் பதில் இருக்காது. மீதிப் பேர், "இப்பவே கொடுத்துட்டு, நாளைக்கு நான் படுத்துட்டா யார் பார்ப்பா?" என்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. உயிலில் எழுதுவதா, உயிரோடு இருக்கும்போதே கொடுப்பதா என்று யோசிக்கிற எவருக்கும் அது வரத்தான் செய்யும். நானும் அந்த வயதை நெருங்கிவிட்டேன். என் உயிலை எழுதி முடித்தாயிற்று. எழுதும்போது மனதில் ஓடியதையெல்லாம் இங்கே கொட்டி வைக்கிறேன்.

பெரும் பணக்காரர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டார்கள். எஃகு ஆலைகளால் செல்வம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி, 1889-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், மிஞ்சிய பணத்தை மூன்று விதமாகத்தான் தீர்க்க முடியும் என்றார். குடும்பத்துக்கு விடலாம், இறந்த பிறகு பொதுக் காரியத்துக்குப் போகும்படி எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே தானே நின்று செலவழிக்கலாம். முதல் இரண்டின் மீதும் அவருக்கு நம்பிக்கை இல்லை. இப்படிப் பெருந்தொகையை எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்கள், கூடவே எடுத்துப்போக வழி இருந்திருந்தால் ஒன்றையும் விட்டிருக்க மாட்டார்கள் என்று கடுமையாகவே சொன்னார். சொன்னதோடு நிற்காமல் உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். 1919-ல் இறப்பதற்குள் சுமார் 35 கோடி டாலர் கைவிட்டுப் போயிருந்தது. அப்படியும் அவரால் முழுவதையும் தன் கையால் கொடுத்து முடிக்க முடியவில்லை. மிச்சத்தின் பெரும்பகுதியை 1911-ல் தொடங்கிய ஓர் அறக்கட்டளைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நல்லபடியாகக் கொடுப்பது ஒரு முழுநேர வேலை. அதற்கும் தெம்பு வேண்டும், ஆயுசு வேண்டும்.

அந்த வேலையை முடித்துக் காட்டியவர் சக் ஃபீனி. விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகள் நடத்திய டூட்டி ஃப்ரீ ஷாப்பர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1984-ல் தன் சொத்தை ஏறக்குறைய மொத்தமாகத் தன் அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டார். 1997 வரை வெளியுலகத்துக்கு அது தெரியாது. அதுவரை அவரைப் பெரும் கோடீஸ்வரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆராய்ச்சிக்குமாக 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்து, 2020-ல் அறக்கட்டளையையே மூடினார். 2023-ல் இறந்தபோது அவருக்கு வயது 92. கடைசிக் காலத்தில் அவர் இருந்தது வாடகை வீட்டில். எல்லோரும் இந்த வாடகை வீட்டைத்தான் பேசுவார்கள். என் கவனம் போவது வேறொரு விஷயத்தின் மேல். தனக்கும் மனைவிக்குமாக அவர் சுமார் 20 லட்சம் டாலரை எடுத்து வைத்துக்கொண்டார். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பதை, கொடுப்பதில் அவ்வளவு தூரம் போன மனிதரும் விட்டுவிடவில்லை.

சரி, கோடிகளை விடுவோம். என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அத்தை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை, மாமா முன்பே போய்விட்டார். காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கு அடிக்கடி போவார். ஒருமுறை என்னையும் அழைத்துப் போயிருந்தார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் காதிலும் கருவி மாட்டியிருந்தது. அத்தை வகுப்பின் பின்பக்கம் நின்று பலமாகக் கைதட்டினார். வழக்கமாகத் திரும்பிப் பார்க்கிற இரண்டு மூன்று பேர்கூட அன்றைக்குத் திரும்பவில்லை. "காதுல மாட்டியிருக்கு, கைதட்டினா திரும்பலையே?" என்று வார்டன் அம்மாவிடம் கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பேட்டரி தீர்ந்துபோச்சு டீச்சர்" என்றார்.

கருவி வாங்கித் தர நன்கொடையாளர்கள் வருகிறார்கள். பிள்ளையின் காதில் மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு விழாவே நடத்தலாம். ஆனால் அதற்குள் போடுகிற பொத்தான் அளவு பேட்டரி இருக்கிறதே, மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்த நேரத்திலிருந்து தீர ஆரம்பித்துவிடும். ஒன்றிரண்டு வாரம் ஓடினால் பெரிது. அதை வாங்கித் தர யாருக்கும் தோன்றுவதில்லை. வார்டன் அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். பேட்டரி இல்லாமல் ஓய்ந்துபோன கருவிகள் வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு.

அன்றிலிருந்து அத்தை பேட்டரி வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். போகப் போக இன்னொன்றும் தெரியவந்தது. கருவியோடு சேர்த்துக் காதுக்குள் வைக்கிற அச்சு, பிள்ளை வளர வளரப் பொருந்தாமல் போய்விடும். இடுக்கு விழுந்தால் கருவி 'கீ' என்று கத்தும். பிள்ளை எரிச்சலில் கழற்றி எறிந்துவிடும். பார்க்கிறவர்கள், குழந்தை அடம்பிடிக்கிறது என்பார்கள். அத்தை அச்சு மாற்றவும் பணம் கொடுத்தார். எல்லாம் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்த சின்னத் தொகைதான். எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்ததால் ஒரு காசுகூட வீண் போகவில்லை.

உயிலிலும் அந்தப் பள்ளியை அவர் மறக்கவில்லை. வீட்டை விற்று வரும் பணம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தார். என்ன நோக்கத்துக்கு என்று தெளிவாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "காது கேட்கும் கருவிகள் வாங்குவதற்காக" என்று எழுதிவிட்டார். முத்திரைத்தாளில் எழுதும்போது எல்லோரும் கொஞ்சம் பெரிதாகத்தான் யோசிப்போம். பேட்டரியும் அச்சும் அங்கே எழுத வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றியிருக்காது.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு என்னிடமும் இன்னொரு உறவினரிடமும் வந்தது. உயிலில் இருந்தது பள்ளியின் பழைய பெயர். இடையில் நிர்வாகம் வேறோர் அறக்கட்டளையின் கைக்குப் போயிருந்தது. அந்தப் பெயரில் சொன்னது இந்தப் பள்ளியைத்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மாமா வழியில் ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. வீடு பூட்டிக் கிடந்தது. வரி, காவல், ஒழுகும் கூரைக்கு மராமத்து, வக்கீல் கட்டணம் என்று எல்லாமே அந்தப் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணத்திலிருந்துதான் போயின. ஒருவழியாகத் தொகை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வார்டன் அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த பிள்ளைகளில் பலருக்குச் சின்ன வயதிலேயே அறுவைச் சிகிச்சை செய்து, காக்ளியர் இம்பிளான்ட் என்கிற கேட்க உதவும் கருவியை உட்காதிலேயே பொருத்தியிருந்தார்கள். பள்ளிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்குச் சம்பளம். உயிலில் அதற்கு இடமில்லை. அந்த ஒரு வரியைச் சற்று விரித்துப் பொருள் கொள்ள அனுமதி கேட்டு நிர்வாகம் மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அந்தப் பணம் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். இன்றைக்கும் அது அங்கே பயன்படுகிறது. ஆனால் அத்தையின் ஓய்வூதியத்திலிருந்து போன பணத்தோடு அத்தையும் போனார். கைதட்டிப் பார்த்தார், கேள்வி கேட்டார், அடுத்த முறை மாற்றிக் கொடுத்தார். வீட்டுப் பணத்தோடு போனது ஒற்றை வரி. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் எழுந்து நின்று "நான் சொன்னது அது இல்லை" என்று சொல்ல அந்த வரிக்கு வாய் கிடையாது.

இது சாதாரண மனிதர்களுக்கு மட்டும் வருகிற சிக்கல் இல்லை. உலகத்திலேயே புகழ்பெற்ற உயில் ஆல்ஃபிரட் நோபலுடையது. 1895 நவம்பர் 27 அன்று பாரிஸில் கையெழுத்திட்டார். தன் கைப்பட, வக்கீல் துணை இல்லாமல் எழுதியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இறந்துவிட்டார். சொத்தில் பெரும்பகுதியை, 3 கோடி ஸ்வீடிஷ் குரோனருக்கு மேல், பரிசுகளுக்கென ஒதுக்கியிருந்தார். பரிசு பெறுபவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகளின் பெயர்களையும் எழுதியிருந்தார். ஆனால் அந்த அமைப்புகளிடம் இதுபற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. பணத்தை வைத்து நிர்வகிக்க எந்த அமைப்பும் அப்போது கிடையாது. உறவினர்கள் எதிர்த்தார்கள், ஸ்வீடன் மன்னருக்கே அது பிடிக்கவில்லை. நிறைவேற்றும் பொறுப்பு விழுந்தது ரக்னார் சோல்மன் என்ற 26 வயது இளைஞர் மேல். பிரான்ஸில் வழக்குப் போட்டு முடக்கிவிடுவார்களோ என்ற பயத்தில், பாரிஸ் வங்கிகளில் இருந்த பத்திரங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி, கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்து எடுத்துப் போனார் அவர். நோபலின் அண்ணன் மகன் இம்மானுவேல், குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி உயிலின் பக்கம் நின்றார். நோபல் அறக்கட்டளை உருவாக 1900 ஆயிற்று; முதல் பரிசுகள் 1901-ல்தான். ஒரு சோல்மனும் ஓர் இம்மானுவேலும் வாய்த்திராவிட்டால் அந்த உயில் வழக்குக் கட்டுகளில் ஒன்றாகியிருக்கும். நமக்கு அப்படி இருவர் வாய்ப்பார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது?

வாய்த்தாலும் காலம் மாறிவிடும். ஸ்டீஃபன் ஜிரார்ட் என்ற வணிகர் 1831-ல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். தகப்பனை இழந்த ஏழைப் பையன்களுக்காகப் பள்ளி ஒன்று கட்டச் சொல்லிப் பெரும் சொத்தை எழுதிவைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் வெள்ளையினப் பையன்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தார். மதகுருமார் யாரும் வளாகத்துக்குள் காலடி வைக்கக் கூடாது, சுற்றி இத்தனை அடி உயரத்தில் மதில் எழுப்ப வேண்டும் என்பதும் உயிலிலேயே இருந்தது. பள்ளி 1848-ல் திறந்தது. பின்னாளில் அதைச் சுற்றிக் கறுப்பின மக்கள் குடியிருக்கும் பகுதி வளர்ந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் தகப்பனில்லாத பிள்ளைகள், அந்தப் பக்கம் தகப்பனில்லாத பிள்ளைகளுக்காகவே கட்டிய பள்ளி. நடுவில் நூற்றாண்டு கடந்த ஒரு வாக்கியம். பல ஆண்டு வழக்குக்கும் போராட்டத்துக்கும் பிறகு 1968-ல்தான் முதல் கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் மனம் மாறியிருப்பாரா என்பது தெரியாது. உயிரோடு இருப்பவரிடம் வாதாடலாம், கெஞ்சலாம், சண்டை போடலாம். காகிதத்திடம் என்ன செய்வது?

இதை முன்கூட்டியே யோசித்தவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழும்பக் காரணமாக இருந்தார். அந்தந்த ஊர் மக்களும் தங்கள் பங்கைப் போட வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதையும் செலவழித்து மூடிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். 1932-ல் இறந்தார், 1948-லேயே நிதி தீர்ந்து மூடப்பட்டது. வருங்காலத்தின் தேவையை வருங்காலத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புவதற்கும் ஒரு பணிவு வேண்டும்.

உயில் தர்மத்தின் மீது இன்னொரு சந்தேகமும் காலங்காலமாக உண்டு. அதைத் தமிழில் ரொம்பச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்: கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது. செத்த பிறகு அந்தப் பணத்தால் எழுதியவருக்கு எந்தக் குறையும் வரப்போவதில்லை. குறைவது பிள்ளைகளின் பங்கு. அப்படியென்றால் தர்மம் செய்தது யார்?

சட்டங்களும் இப்படித்தான் சந்தேகப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1736-ல் வந்த சட்டம் ஒன்று, நிலத்தை உயில் வழியாக தர்ம காரியத்துக்கு எழுதுவதையே தடுத்தது. கொடுப்பதென்றால் உயிரோடு இருக்கும்போது, அதுவும் இறப்பதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். மரணப் படுக்கையில் கிடப்பவர், மறுமைக்குப் பயந்து, பக்கத்தில் நிற்பவர் பேச்சைக் கேட்டுக் குடும்பத்தின் சோற்றில் கைவைத்துவிடுவார் என்ற பயம். அந்தப் பயத்தின் நிழல் இந்தியாவுக்கும் வந்தது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவின்படி, நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் ஒருவர் தர்மத்துக்கு எழுதும் உயில், இறப்பதற்கு ஓராண்டு முன்பாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிய ஆறு மாதத்துக்குள் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இது பாகுபாடு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2003-ல்தான் அந்தப் பிரிவை நீக்கியது. பிரான்ஸில் இன்றும் மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு அவர்களுக்கு என்று சட்டமே ஒதுக்கிவிடுகிறது. மீதிக் கால் பங்கைத்தான் இஷ்டப்படி எழுத முடியும். இஸ்லாமியச் சட்டத்தில், வாரிசுகள் சம்மதித்தாலொழிய, உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசல்லாதவருக்கு எழுத முடியாது. நோயில் கிடந்த தோழர் ஒருவர், தன் செல்வத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்துவிடட்டுமா என்று கேட்டபோது, மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்று நபிகள் நாயகம் சொன்னதிலிருந்து வந்தது இந்த வரம்பு. வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விட்டுப்போகாதே என்பது அதன் உட்பொருள். ஆரோக்கியமாக இருக்கும்போது, வறுமைக்குப் பயப்படுகிற நிலையில் கொடுப்பதே சிறந்த தர்மம், உயிர் தொண்டைக்கு வரும்வரை தள்ளிப்போடாதே என்ற போதனையும் அதே மரபில் உண்டு. 'பயப்படுகிற நிலையில்' என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். கையிலிருந்து போகும்போது லேசாக வலித்தால்தான் அது நம்முடையது.

இதையெல்லாம் படித்துவிட்டு, உயில் தர்மமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கண் தானத்தையும் இரத்த தானத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தை உயிரோடு இருக்கும்போதுதான் கொடுக்க முடியும். கொடுத்தால் உடம்பு மறுபடி ஊறவைத்துக்கொள்ளும், சில மாதம் கழித்து மறுபடி கொடுக்கலாம். கண்ணை இருக்கும்வரை நாம் வைத்துக்கொண்டாக வேண்டும். அதைப் போன பிறகுதான் கொடுக்க முடியும், அப்போது கொடுக்காமல் விட்டால் யாருக்கும் பயனில்லை. நம் சொத்திலும் இரண்டு வகையும் உண்டு. மாத வருமானத்தில் மிஞ்சுவது, வட்டி, எதிர்பாராமல் வந்த தொகை எல்லாம் இரத்தம். குடியிருக்கும் வீடும், எத்தனை வயது வரை இருப்போம் என்று தெரியாததால் பிடித்து வைத்திருக்கும் சேமிப்பும் கண். அறுபது வயதில் அதைக் கொடுத்துவிட்டு எண்பத்தைந்தில் பிள்ளைகள் வீட்டு வாசலில் நிற்பதை யாரும் தர்மம் என்று சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்கு உயில்தான் சரியான இடம். இன்னொன்றும் பொருந்தி வருகிறது. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், வீட்டில் இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பீரோவுக்குள் பூட்டி வைத்த அட்டையால் யாருக்கும் பார்வை வராது. உயிலும் அப்படித்தான்.

உயில் பணம் சில இடங்களில் எத்தனை அவசியம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து கடல்களில் தத்தளிப்பவர்களைப் படகில் போய்க் காப்பாற்றும் ஆர்.என்.எல்.ஐ. 1824-ல் தொடங்கிய அமைப்பு. தங்கள் மீட்புப் பணிகளில் பத்துக்கு ஆறு, உயிலில் யாரோ எழுதிவைத்த பணத்தால்தான் நடக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தினர், உயிரோடு இருக்கும்போது கொடுக்க முடியாத அளவுத் தொகையை வீட்டின் மதிப்பிலிருந்து விட்டுப்போகிறார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

வரி விஷயத்தில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. இந்தியாவில் இறப்புக்குப் பிந்தைய சொத்து வரி 1985-லேயே போய்விட்டது. வருமான வரிச் சலுகை உயிரோடு கொடுப்பதற்குத்தான். பிரிட்டனில் சொத்தில் பத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு எழுதினால் வாரிசு வரி 40 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறையும். உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம் இந்தக் கூட்டு வட்டி வாதம். "இப்போது கொடுத்தால் கொஞ்சம், முதலீடு செய்து வைத்தால் பிற்பாடு பெரிய தொகையாகக் கொடுக்கலாம்" என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இதைப் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் செய்தே பார்த்தார். 1790-ல் இறந்தவர், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா நகரங்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு விட்டுப்போனார். தொழில் பழகி முடித்த, 25 வயதுக்குட்பட்ட, திருமணமான இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். வட்டி சேர்ந்து சேர்ந்து 200 ஆண்டில் பெருக வேண்டும் என்பது திட்டம். பெருகத்தான் செய்தது. 1990-ல் கணக்கை முடித்தபோது பாஸ்டனில் மட்டும் 40 லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. ஆனால் அவர் மனதில் வைத்திருந்த இளைஞர்கள் நடுவழியிலேயே காணாமல் போய்விட்டார்கள். ஆலைகள் வந்தன, குருவிடம் தங்கித் தொழில் பழகும் முறை மறைந்தது, கடன் கேட்க ஆள் வரவில்லை. பணம் தன்பாட்டுக்கு வளர்ந்தது. தேவை அதற்காகக் காத்திருக்கவில்லை.

வட்டிக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பக்கம் மட்டுமே போடுகிறார்கள். பணம் பத்து ஆண்டில் இரட்டிப்பாகலாம். ஐந்து வயதுக்குள் பேச்சைப் பிடித்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பத்து ஆண்டு கழித்து இரண்டு மடங்கு பணம் கொடுத்து என்ன செய்ய முடியும்? இன்றைக்குப் படிப்பை விடும் பெண்ணின் இழப்பும் வட்டி போட்டு வளர்கிறது. அவளோடு நிற்காமல் அவள் பிள்ளைகள் வரை போகிறது. கேள்வி எந்தப் பணத்துக்கு எந்தத் தேவை என்பதுதான். சில காரியங்களுக்கு நாள் கடந்தால் கடந்ததுதான். பசி, படிப்பு, தடுப்பூசி, கண்ணில் விழும் புரை எல்லாம் அந்த வகை. கட்டடம், நூலகம், ஆராய்ச்சி போன்றவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

நானும் துணைவரும் செய்திருப்பதைச் சொல்கிறேன். இரண்டு இடங்களுக்கு மாதாமாதம் கொடுக்கிறோம். ஒன்று பொது நூலகம். இன்னொன்று, பேலியேட்டிவ் கேர் என்கிறார்களே, குணமாகாத நோயில் இருப்பவர்களின் வீட்டுக்கே போய் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்கிற ஓர் அமைப்பு. உயிலில் இருப்பதும் அதே இரண்டு பெயர்கள்தான். கொடுத்துப் பழகாத எந்த இடத்தின் பெயரையும் உயிலில் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். மாதம் கொடுப்பது சிறு தவணை என்றால் உயிலில் இருப்பது கடைசித் தவணை. முன்னே பின்னே தெரியாத இடத்துக்குக் கடைசித் தவணை மட்டும் எப்படிக் கட்டுவது?

வீடு, எங்கள் இருவரில் பின்னால் போகிறவர் காலம் வரை அவருக்கு. அதற்கப்புறம் வருவதில் பிள்ளைகளுக்கு இவ்வளவு, இந்த இரண்டுக்கும் இவ்வளவு என்று சதவீதத்தில் எழுதியிருக்கிறோம். தொகையாக எழுதினால் இருபது வருடத்தில் விலைவாசி அதைத் தின்றுவிடும். கடைசிக் கால மருத்துவச் செலவில் சொத்து கரைந்துபோனால், எழுதிய தொகை பிள்ளைகளின் பங்கை முழுங்கிவிடும். சதவீதம் என்றால் ஏற்றமும் இறக்கமும் எல்லோருக்கும் ஒன்றுபோல. அமைப்பின் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் கேட்டு வாங்கி எழுதினோம். அந்த அமைப்பு மூடப்பட்டிருந்தால் அதே வேலையைச் செய்யும் வேறோர் அமைப்பை நிறைவேற்றுபவர் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தோம். நோக்கம் என்ற இடத்தில் 'பொதுச் செலவுக்கு' என்று மட்டும் எழுதினோம். அத்தையின் உயில் இல்லாவிட்டால் அங்கே நானும் பெரிதாக ஏதாவது எழுதியிருப்பேன். மூன்றாவதாக ஓர் இடம் முதல் பிரதியில் இருந்தது. சில வருடம் கொடுத்தோம். கணக்கு கேட்டபோதெல்லாம் நன்றிக் கடிதம் வந்ததே தவிரக் கணக்கு வரவில்லை. பெயரை எடுத்துவிட்டோம். உயிரோடு இருந்ததால் எடுக்க முடிந்தது.

எழுதி முடித்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினோம். சங்கடமாகத்தான் இருந்தது. மகள், "நூலகத்துக்கு இவ்வளவா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நல்லதாயிற்று, ஏன் என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. நாங்கள் போன பிறகு இந்தக் கேள்வி அவள் மனதில் எழுந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்பாள்? மகன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம், அந்த அமைப்பின் நர்ஸ்களோடு ஒரு நாள் முழுக்க வீடு வீடாகப் போய்விட்டு வந்தான். அவர்களின் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டதாம். வலி மருந்து கொண்டுபோக வேண்டிய இரண்டு வீடுகளுக்குப் போவதற்குள் இருட்டிவிட்டதாம். "உயில்ல அவங்களுக்கு எழுதியிருக்கறதுல ஒரு பகுதியை இப்பவே எடுத்துக் கொடுத்தா என்னப்பா?" என்று கேட்டான். மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மருத்துவச் செலவுக்கென்று வைத்திருப்பதில் கை வைக்காமலேயே ஒரு பழைய வண்டி வாங்குகிற அளவுக்கு மிஞ்சியது. கொடுத்துவிட்டோம். உயிலில் அந்த அமைப்புக்கு இருந்த சதவீதத்தைக் குறைத்து, மறுபடி இரண்டு சாட்சிகளை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினோம். அதில் ஒருவர், எதற்காகத் திருத்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அமைப்பின் முகவரியைக் குறித்துக்கொண்டு போனார்.